மூன்று ஸ்டிக்கர் மிஞ்சிய ஷட்டர்: அலைக்கற்றை ஏலம் நம் தெருவுக்கு வந்த கதை

மீன்கூடை மகள், காசிமேடு
ஞாயிறு, இரவு 8.40

அம்மாவின் போன் எங்கள் வீட்டு உள்ளறையில் எடுப்பதில்லை. வாரியக் குடியிருப்பு, தரைத்தளம். இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. விடியற்காலை இரண்டு, இரண்டரைக்குப் படகு கரையேறிய செய்தி வர வேண்டும். அது வராமல் இந்த மாதம் இரண்டு முறை மீன் ஏலத்தைத் தவறவிட்டார். இன்று மாலை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் கம்பெனி மாற்ற வேண்டும் என்று கேட்டோம். கடைக்காரர் சிரித்துவிட்டு, "தாராளமாக மாற்றலாம் அம்மா. இருப்பது மூன்று, அரசாங்கத்துடையதைச் சேர்த்தால் நான்கு" என்றார். நான் கல்லூரிக்குப் போன நாட்களில் அதே ஷட்டரில் ஸ்டிக்கர் ஒட்ட இடமே இருக்காது.

மற்றவர்கள் எல்லாம் வியாபாரம் தெரியாமல் போனார்களா, இல்லை போகும்படி ஏதாவது நடந்ததா? அலைக்கற்றை, அதாவது போன் சிக்னல் போகும் வானலை, என்றாலே 1.76 லட்சம் கோடி என்ற ஒரு தொகைதான் காதில் விழுகிறது. அதற்கும் எங்கள் உள்ளறைக்கும் என்ன உறவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீசார்ஜ் கடை, எம்.சி. ரோடு
இரவு 9.15

நீங்கள் போனது என் கடை இல்லை. என்னுடையது அங்கிருந்து நான்கு ஷட்டர் தள்ளி, 2003-ல் போட்டது. உங்கள் நினைவு சரிதான் தங்கச்சி. 2010 வாக்கில் என்னிடம் இருந்த சிம்களைச் சொல்கிறேன்: ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், பி.எஸ்.என்.எல்., ரிலையன்ஸ், டாடா டோகோமோ, ஐடியா, யூனினார், எம்.டி.எஸ்., வீடியோகான். ஆக மொத்தம் பத்து. ஆளுக்கொரு குடை, ஆளுக்கொரு பேனர், ஆளுக்கொரு விநியோகப் பையன். 2009-ல் டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. நிமிடக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சில மாதங்களில் விநாடிக் கணக்குக்கு இறங்கினார்கள். மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய ஊர் இது. மனம்விட்டுப் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

2012-ல் உரிமம் பறிபோன ஒரு கம்பெனியில் என் டாப்-அப் பணம் பதினோராயிரம் மாட்டிக்கொண்டது. பெயர் வேண்டாம். விநியோகஸ்தர் போனையே எடுக்கவில்லை. அவர் கொடுத்த பலகை மட்டும் இன்னும் பரணில் கிடக்கிறது; மழைக்காலத்தில் மீட்டர் பெட்டியை மூட உதவுகிறது.

பெரம்பூர் பயணி
இரவு 9.32

இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவசம் என்றது. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் மூட்டை கட்டினார்கள். சந்தை என்றால் அப்படித்தான். கொள்கை, ஏலம் என்பதெல்லாம் பட்டிமன்றத்துக்கு. உலகத்தில் மலிவாக டேட்டா கிடைக்கும் நாடுகளில் நாமும் ஒன்று, அதை மறந்துவிட்டுப் பேச வேண்டாம்.

ராயபுரம் ஓய்வூதியர்
இரவு 10.05

தொலைபேசித் துறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994-ல் நான்கு பெருநகரங்களிலும் ஊருக்கு இரண்டு பேருக்குத்தான் உரிமம். நம் ஊரில் ஆர்.பி.ஜி. செல்லுலார், ஸ்கைசெல். ஊருக்கு இரண்டு பேர் மட்டும் என்பதுதான் அன்றைய கொள்கை. நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை வாங்கலாம், வரும் அழைப்புக்கும் காசு. அப்போது செல்போன் வைத்திருந்தவர் அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைப்பார், எடுக்க மாட்டார். பிறகு 1999 கொள்கை வந்தது. நிலையான உரிமக் கட்டணம் போய் வருமானத்தில் பங்கு என்றானது. மூன்றாவதாக அரசாங்கம், 2001 ஏலத்தில் நான்காமவர் என்று வந்தார்கள். 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமானது. கவனியுங்கள்: தொழில்நுட்பம் பெரிதாக மாறவில்லை. உரிமம் எத்தனை பேருக்கு என்பது மாறியது, விலை விழுந்தது.

இன்னொரு சங்கதி. அந்த நாட்களில் அலைக்கற்றையைத் தனியாக விற்கவில்லை. உரிமம் வாங்கினால், கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல, கூடவே வந்துவிடும். தொடக்கத்தில் 4.4 மெகாஹெர்ட்ஸ் (அலைக்கற்றையை அளக்கும் அலகு), வாடிக்கையாளர் பெருகினால் மேலும். முதலில் வந்தவர்களுக்கு 900 அலைவரிசை, பின்னால் வந்தவர்களுக்கு 1800. அந்த வேறுபாட்டை டவர் வேலை பார்ப்பவர் யாராவது விளக்குவார்கள்.

2008 ஜனவரியில் 122 உரிமங்களை, முதலில் வந்தவருக்கு முதலில் என்று, 2001-ல் வந்த விலைக்கே கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் 1,658 கோடி. ரீசார்ஜ் கடைத் தம்பியின் ஷட்டர் நிறைந்ததில் பாதி அதனால்தான். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-ல் அத்தனையையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது தனிக் கதை. நீங்கள் கேட்ட 1.76 லட்சம் கோடி, தணிக்கைத் துறை 2010-ல் கணக்கிட்ட உத்தேச இழப்பு. கையிலிருந்து போன காசு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்து ஸ்டிக்கர் இருந்த காலத்தைப் பொற்காலம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு இட்லியைப் பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுத்தது போல ஆளுக்கொரு துண்டு அலைக்கற்றை. மாலை ஏழு மணிக்கு எந்த எண்ணைப் போட்டாலும் லைன் கிடைக்காது. ஆள் நிறைய இருந்தார்கள், சரக்கு இல்லை.

பெரம்பூர் பயணி
இரவு 10.11

ஐயா, அப்படியானால் ஏலம் விட்டது சரிதானே? அதன் பிறகும் ஏன் ஆள் குறைந்தார்கள்?

வகுப்பறை, வியாசர்பாடி
இரவு 11.20

பொருளியல் எடுப்பவள் என்பதால் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை.

2010 ஏலம் 34 நாள் நடந்தது. மூன்றாம் தலைமுறை (3ஜி) அலைக்கற்றைக்கு மட்டும் 67,719 கோடி, அகண்ட அலைவரிசைக்கு (பிராட்பேண்ட் டேட்டாவுக்கானது) இன்னொரு 38,543 கோடி. தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்த பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர்; தமிழ்நாட்டு வட்டத்தில் அலைக்கற்றையின் ஒரு தொகுதி 1,464.94 கோடிக்குப் போனது. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த ஏர்செல் 13 வட்டங்களில் மூன்றாம் தலைமுறையும் 8 வட்டங்களில் அகண்ட அலைவரிசையும் எடுத்தது. அந்த எட்டு வட்டத்து 2300 மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுத்தது சுமார் 3,438 கோடி. 2016-ல் அதே அலைக்கற்றையை ஏர்டெல்லுக்கு 3,500 கோடிக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டது. ஆறு ஆண்டு வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் திவால் மனு.

"ஏலத்தில் அதிகம் கொடுத்தார்கள், அதனால்தான் ரீசார்ஜ் விலை ஏறுகிறது" என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள் அல்லவா? பாடப்புத்தகம் அதை மறுக்கும். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வராது. இன்று என்ன விலைக்கு விற்பது என்பதைப் போட்டியாளர் என்ன விலைக்கு விற்கிறார் என்பதுதான் முடிவு செய்யும், போன வருடம் நீ என்ன கொடுத்தாய் என்பது முடிவு செய்யாது. இதை மாணவர்களுக்கு விளக்குவதற்குள் ஒரு பருவம் ஓடிவிடுகிறது.

மீன்கூடை மகள், காசிமேடு
திங்கள், காலை 10.50

டீச்சர், உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டார். அவர் சொன்னதை எழுத்தாக்கியிருக்கிறேன்.

"இதற்குப் புத்தகம் எதற்கு? நான் ஏலத்தில் வேகப்பட்டு ஒரு கூடை சங்கரா மீனை ஐந்நூறு கூடுதலாக எடுத்துவிட்டேன் என்று வை. தெருவில் போய், ஏலத்தில் ஏமாந்துவிட்டேன், கூடப் போட்டுக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? பக்கத்தில் இன்னொருத்தி கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே. நஷ்டம் எனக்குத்தான். ஆனால் தண்டலுக்குக் கடன் வாங்கி ஏலம் எடுத்திருந்தால் மறுநாள் ஏலத்துக்கு வர முடியாது. இப்படி நான்கு பேர் வராமல் போனால், மிச்சம் இருப்பவள் வைத்ததுதான் விலை."

வகுப்பறை, வியாசர்பாடி
காலை 11.35

அம்மாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துவர முடியுமா? வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

நான் பாதியில் நிறுத்தியதன் மறுபாதி அதுதான். ஏலச் செலவு இன்றைய விலையை ஏற்றாது. நாளைய போட்டியாளரைத் தீர்த்துக்கட்டும். விலை அதற்குப் பிறகு ஏறும். தண்டல் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2022 ஏலத்தில் பணத்தை இருபது ஆண்டுத் தவணையில் கட்டலாம் என்றார்கள். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை தேதிக்கு வாசலில் நிற்கும்.

இதன்மேல் 2019 அக்டோபர் 24 தீர்ப்பு. உரிமக் கட்டணத்தை எந்த வருமானத்தில் கணக்கிடுவது என்ற பழைய வழக்கு. தொலைத்தொடர்பு அல்லாத வருமானமும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, வட்டியும் அபராதமும் சேர்ந்து தொகை மலையாகிவிட்டது. அந்தக் கடனைப் பங்காக மாற்றி மாற்றி, 2025-ல் வோடஃபோன் ஐடியாவில் ஏறக்குறைய 49 விழுக்காடு அரசாங்கத்திடம் வந்துவிட்டது. ஏலம் கூறுபவரே ஒரு கூடையில் பாதிப் பங்கும் இன்னொரு கூடையை (பி.எஸ்.என்.எல்.) முழுதாகவும் வைத்துக்கொண்டு கூவுகிறார்.

பெரம்பூர் பயணி
பகல் 12.10

எல்லாம் சரி. ஜியோ மட்டும் எப்படி நின்றது? அவர்களும் ஏலத்தில் எடுத்தவர்கள்தானே? கையில் பணம் இருந்தது, நின்றார்கள். கொள்கை எங்கே வந்தது இதில்?

வகுப்பறை, வியாசர்பாடி
பகல் 12.48

பணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2010-ல் நாடு முழுவதற்கும் அகண்ட அலைவரிசை எடுத்தது இன்ஃபோடெல் என்ற சிறு நிறுவனம், 12,848 கோடிக்கு. ஏலம் முடிந்ததும் ரிலையன்ஸ் அதை வாங்கிக்கொண்டது, அதுதான் பின்னால் ஜியோ ஆனது. அந்த அலைக்கற்றை டேட்டாவுக்கானது. அதை வைத்திருந்த உரிமத்தில் சாதாரணக் குரல் சேவை கிடையாது என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டு விலை கேட்டார்கள். 2013-ல் ஒருங்கிணைந்த உரிமம் வந்தது. 1,658 கோடி கட்டினால் குரலும் கொடுக்கலாம் என்றானது. ஆம், அதே 2001-ன் விலை, மூன்றாவது முறையாகத் தலை காட்டுகிறது. விதி மாறியது நுகர்வோருக்கு நல்லதுதான். ஆட்டம் நடக்கும்போது மாறியது என்பதே என் குறை. குரலும் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் 2010-ல் வேறு யார் யார் கை தூக்கியிருப்பார்கள்?

கம்பியேறி, மணலி
மாலை 6.20

இப்போதுதான் இறங்கினேன். ஓய்வூதியர் ஐயா கேட்ட 900, 1800 விஷயம்.

எண் சிறியதாக இருந்தால் அலை நீளம், தூரம் போகும், சுவரையும் தாண்டும். 700, 800, 900 எல்லாம் அந்த வகை. 1800 பரவாயில்லை. 2300-க்கு மேல் போனால் வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிவிடும், உள்ளறைக்கு வராது. ஆனால் மேலே போகப் போக இடம் நிறைய, ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு வேகமாகக் கொடுக்கலாம். ஆகவே ஒரு கம்பெனிக்கு இரண்டும் வேண்டும்.

வடசென்னையில் இதை நன்றாகப் பார்க்கலாம். எண்ணூர் பக்கம் ஏறினால் வெட்டவெளி, எதுவும் போகும். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சந்துக்குள் சந்து, கட்டடத்துக்கு முதுகு கொடுத்துக் கட்டடம். மணலியில் கன்டெய்னர் அடுக்கு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது, சிக்னலும் அப்படியே. 900 கையில் இருப்பவன் ஒரு கோபுரத்தில் முடிப்பதை, 1800 மட்டும் கிடைத்தவன் கூடுதலாக மொட்டைமாடி பிடித்து, வாடகை கொடுத்து, டீசல் ஊற்றித்தான் முடிக்க வேண்டும். ஸ்டிக்கரில் இரண்டு பேரும் ஒரே அளவு. செலவில் ஒரே அளவு இல்லை. பத்துப் பேர் ஓடினார்கள், சிலர் காலில் மட்டும் கல் கட்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் உள்ளறைக்கு என்ன தொடர்பு என்று கேட்டீர்களே, இதுதான். 700 அலைவரிசையை 2016 ஏலத்தில் முதன்முதலாக வைத்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் குறைந்தபட்சம் 11,485 கோடி. ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2021-லும் விற்கவில்லை. 2022-ல் விலையை 3,927 கோடிக்கு இறக்கினார்கள். 22 வட்டத்திலும் ஜியோ ஒருவர் மட்டும் எடுத்தார். விலையை வானத்தில் வைத்து ஆறு வருடம் பூட்டி வைத்தார்கள். இறக்கியபோது வாங்க வந்தவர் ஒருவர்தான்.

ராயபுரம் ஓய்வூதியர்
இரவு 8.05

கம்பியேறித் தம்பி நன்றாகச் சொன்னார். அதில் விட்டுப்போன ஒன்று உச்சவரம்பு.

நிலத்துக்கு உச்சவரம்பு போல அலைக்கற்றைக்கும் உண்டு. ஒரு வட்டத்தில் ஒரே கம்பெனி மொத்தத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது. நான்கு பேராவது இருந்தாக வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 2018-ல் அதை 35 ஆக்கினார்கள். வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றானதும் அதே ஆண்டு ஆகஸ்டில். டாடாவும் டெலினாரும் (பழைய யூனினார்) ஏர்டெல்லுக்குள் அடங்கிய காலமும் அதுதான். 35 என்றால் மூன்று பேர் போதும். 1000-க்குக் கீழே உள்ள நல்ல அலைவரிசைகளில் 50 வரை போகலாம் என்றார்கள். அங்கே இரண்டு பேரே போதும்! 2022-ல் ஒவ்வொரு அலைவரிசைத் தொகுப்புக்கும் தனித்தனியாக 40 என்று திருத்தினார்கள். விளம்பரமில்லாத இந்த ஒரு எண்ணில்தான் தெருவில் எத்தனை ஸ்டிக்கர் என்பது முடிவாகிறது. எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் இதைப் பார்த்த நினைவு எனக்கில்லை.

பெரம்பூர் பயணி
இரவு 8.30

இருக்கட்டும் ஐயா. நீங்களே மாலை ஏழு மணிக்கு லைன் கிடைக்காது என்றீர்கள். மூன்று பேரிடம் நிறைய இருப்பதா, பத்துப் பேரிடம் துணுக்கு இருப்பதா, எது மேல்?

ரீசார்ஜ் கடை, எம்.சி. ரோடு
இரவு 9.40

கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன் பயணி அண்ணா. 2024 ஜூன் கடைசியில் ஒருவர் விலை ஏற்றம் அறிவித்தார். அடுத்த நாள் மற்ற இருவரும் அறிவித்தார்கள். ஜூலை 3, 4-ல் மூன்றும் அமலுக்கு வந்துவிட்டது. 28 நாள் பேக் ஒருவரிடம் 155 இருந்தது 189 ஆனது, மற்ற இருவரிடம் 179 இருந்தது 199. அதற்கு முந்தின இரவு பத்தரை வரை கடையில் கூட்டம், பழைய விலைக்கு ஒரு வருடப் பேக் போட. சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் மூன்று கம்பெனி அட்டையையும் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே அச்சகத்தில் அடித்ததா தம்பி?" என்று கேட்டார்.

பத்துப் பேர் இருந்தபோது ஒருவர் ஏற்றினால் ஒன்பது பேரின் பையன்கள் அன்றே சிம்மோடு என் படியில் நிற்பார்கள். துணுக்கா முழுதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது கொருக்குப்பேட்டையில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

வகுப்பறை, வியாசர்பாடி
இரவு 10.25

பயணி, உங்கள் கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். கனடா 2008 ஏலத்தில் 105 மெகாஹெர்ட்ஸில் 40-ஐப் புதிதாக வருபவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. துண்டு துணுக்காக இல்லை, தொழில் நடத்தக்கூடிய அளவு. நாமோ 2012 நவம்பரில், அதே ஆண்டு ரத்தான அலைக்கற்றையைத் திரும்ப விற்றபோது, 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடி என்று ஆரம்பித்தோம். வந்தது 9,407 கோடி. டெல்லிக்கும் மும்பைக்கும் கேட்பாரே இல்லை. உரிமத்தை இழந்தவர்கள் திரும்பி வர ஒரு கதவு இருந்தது. அதன்மேல் நாமே பூட்டுப் போட்டோம்.

ராயபுரம் ஓய்வூதியர்
இரவு 10.50

இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது அம்மா. ஒதுக்கீட்டில் மலிவாக வாங்கிப் பெரியவரிடம் கைமாற்றிவிட்டுப் போனவர்களை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. காற்று பொதுச் சொத்து. விலை குறைத்துக் கொடுத்தால், குறைத்ததற்கு ஈடாக இந்தத் தெரு, இந்த உள்ளறை வரை சிக்னல் வர வேண்டும் என்று எழுதி வாங்கி, வராவிட்டால் திரும்பப் பிடுங்க வேண்டும். அதைச் செய்யும் துணிச்சல் இருந்தால் ஒதுக்கீட்டுக்கு நானும் கை தூக்குகிறேன்.

வகுப்பறை, வியாசர்பாடி
இரவு 10.58

பிடுங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை ஐயா. யார் பிடுங்குவது என்பதில்தான் சந்தேகம்.

மீன்கூடை மகள், காசிமேடு
செவ்வாய், காலை 11.15

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். உச்சவரம்புக்குத் தலையாட்டினார். 700 விஷயத்தில் மட்டும் நிறுத்தி, "விற்காத சரக்கை ஆறு வருடம் எதில் வைத்திருந்தார்கள்? ஐஸ் போட்டார்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கம்பியேறி, மணலி
பகல் 1.05

எதிலும் வைக்க முடியாது என்று சொல்லுங்கள் அக்கா. அன்றைக்குப் பயன்படுத்தாத அலை அன்றோடு போயிற்று. நெத்தலியாவது கருவாடாகும்.

அம்மாவின் போன் எந்த அலைவரிசை எல்லாம் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், பாருங்கள். பழைய போனாக இருந்தால் கம்பெனி மாற்றினாலும் 700 வராது.

ரீசார்ஜ் கடை, எம்.சி. ரோடு
பகல் 2.30

மாற்றுவதாக இருந்தால் என் கடைக்கே வாருங்கள் தங்கச்சி. ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை எடுத்துவர வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.

மீன்கூடை மகள், காசிமேடு
புதன், காலை 9.20

பெட்டியே இல்லை அண்ணா, அதில் அம்மா ரசீது போட்டு வைத்திருந்து வெள்ளத்தில் போய்விட்டது. இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்கிறார். போனை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், மணிச் சத்தத்தை முழுதாக வைத்து. இன்று இரண்டே காலுக்கு அடித்தது. எதிர்வீட்டுக்காரர்களும் எழுந்துவிட்டார்கள்.